இரண்டு கிலோ மணல்

தெலுக் பாஹாங்கில் பாதை தொடங்கும் இடத்தில்
ஒரு மணல் குவியல், துருப்பிடித்த கரண்டி,
ரொட்டி வந்த பிளாஸ்டிக் பைகள் ஒரு கட்டு.
பலகையில் மூன்று மொழிகளில் எழுதியிருந்தார்கள்:
மேலே குடிலுக்குத் தரை போடுகிறோம்,
முடிந்ததைத் தூக்குங்கள்.
தமிழில் மட்டும் ஒரு 'க்' விட்டுப்போயிருந்தது.
அதனால் கனம் ஒன்றும் குறையவில்லை.

ஏற்கெனவே முதுகில் பதினொரு கிலோ.
நேற்றிரவு தராசில் பையோடு ஏறி,
பையில்லாமல் ஏறி, கழித்துப் பார்த்தது.
பல்துலக்கியின் பிடியைப் பாதி அறுத்தவள் நான்.
சோப்பை நான்காக நறுக்கி ஒன்றை மட்டும் எடுத்தவள்.
அப்படியும் குனிந்தேன்.
இரண்டு கரண்டி.
யாரும் பார்க்கவில்லை என்பதால்
இன்னும் ஒன்று.

முதல் ஒரு மணி நேரம் வெறும் மூச்சு.
பெர்த்தாம் முள் சட்டையைப் பிடித்து
எங்கே போகிறாய் என்றது.
கண்ணைச் சுற்றி வெள்ளை பூசிய குரங்குகள்
கிளையிலிருந்து பார்த்துவிட்டு
மறுபடி இலை தின்னத் திரும்பின.

பிறகு அட்டை.

பாயான் லெப்பாசில் பத்தொன்பது வருடம்
இரவு ஷிப்டுக்கு அட்டையை இயந்திரத்தின் வாயில் கொடுத்தேன்.
டிக்கென்று கடித்து, நேரம் பதித்துத் தரும்.
இங்கே அட்டைக்கு நான்தான் இயந்திரம்.
கணுக்காலில் பதித்து, வயிறு நிறைந்து,
தானாக உதிர்ந்தது.
மணி பத்து இருக்கும்.

கயிறு கட்டிய ஏற்றத்தில்
மணலைக் கொட்டிவிடலாம் என்று மூன்று முறை தோன்றியது.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
மலையில் போட என்ன கணக்கு?
பையை இடத்தோளுக்கு மாற்றினேன்.
அது வலத்தோளின் நினைப்பாகவே இருந்தது.

முகட்டில் மேகம் விலகிய சிறு நேரத்தில்
வடக்கே நீர் தாண்டி
ஜெராய் மலை, நீலமாக.
மேற்கே தோட்டங்களிலிருந்து
பழுக்காத டுரியானின் வாசனை கூட இல்லை; அது பருவமல்ல.

குடில் என்றால் நான்கு தூண், துத்தநாகக் கூரை,
ஆணிகளில் பெயர் எழுதிய குவளைகள்.
டெக் ஹுவாட் என் மணலை வாங்கி டிரம்மில் கொட்டினார்.
நன்றி சொல்லவில்லை.
பையை உதறி, மடித்து, என்னிடமே தந்தார்.
பெயரில்லாத ஒரு குவளையில் கோப்பி ஊற்றினார்.
அவர் நாய் என் காலின் ரத்தத்தை முகர்ந்தது.

இரவில் மழை
கூரையின் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் பேசியது.
தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறினால்தான் சிக்னல்.
அங்கே கிளந்தான் பையன் ஹைக்கல்
குடையோடு உட்கார்ந்து யாரையோ சமாதானம் செய்தான்.
அவன் இறங்கியதும் நான் ஏறினேன்.
மகள் கேட்டாள்: யாரோடம்மா இருக்கிறாய்?
ஒரு சீனர், ஒரு மலாய்ப் பையன், ஒரு நாய்,
இரண்டு கிலோ மணல் என்றேன்.
நனையாமல் தூங்கு என்றாள்.

மறுநாள் ஆயர் ஈத்தாமுக்கு இறக்கம்.
பை இரண்டு கிலோ குறைவு.
முழங்கால்கள் அதை நம்பவில்லை.
சந்தையருகே லக்சா கடை வாசலில்
சப்பாத்தைக் கழற்றியபோது
காலுறைக்குள் கொஞ்சம் மணல்.
எந்தக் கணக்கிலும் சேராதது.

நான்கு மாதம் கழித்து மறுபடி போனேன்.
தரை போட்டிருந்தது, சாம்பல் நிறத்தில், கொஞ்சம் சாய்ந்து.
என்னுடையது எந்த இடம் என்று தேடும் அளவுக்கு
எனக்குப் பைத்தியமில்லை.
தேடினேன்.
மூலையிலிருந்து அடுப்பு வரை
காய்வதற்குள் நடந்துபோன பாதத்தடங்கள், ஏழு.
எட்டாவது எங்கே என்று தெரியவில்லை.
அன்றிலிருந்து அதற்கு ரொட்டி கிடையாது என்றார் டெக் ஹுவாட்,
ரொட்டியைப் பிய்த்து அதற்குப் போட்டபடி.

கீழே இப்போது மணல் இல்லை.
சுவருக்குச் செங்கல் குவித்திருக்கிறார்கள்.
பையைத் திறந்து
என்னுடைய ஒன்றை வெளியே எடுத்து வைத்தேன்.

பல்துலக்கியை இந்த முறை
வீட்டிலேயே விட்டுவிட்டேன்.