காட்சி பதினேழு

டொலீடோவில் பிப்ரவரி இரவு.
மூடிக்கிடக்கும் ஒரு கார் கழுவுமிடம்.
மொத்தச் செலவு நாலாயிரத்து இருநூறு டாலர்,
பாதி, டுவேன் தன் பனிச்சறுக்கு வண்டியை விற்ற காசு.
கேமரா வாடகை விடிகாலை ஆறு வரைதான்.

ரத்தம் என் பொறுப்பு:
சோளப்பாகு, சிவப்புச் சாயம், ஒரு கரண்டி கோகோ.
குளிரில் ஜாம் போல இறுகி நின்றது ஆர்லோவின் கழுத்தில்.
வெந்நீர் விட்டு இளக்கினேன்.
மூச்சடக்கிக் கிடந்தாலும்
வாயிலிருந்து ஆவி கிளம்பியது.
"செத்தவனுக்கு என்னடா புகை!"
அடுத்த முறை
ஐஸ்கட்டியைக் கவ்விக்கொண்டு செத்தான்.

கார் இரவல். டுவேனின் அக்கா புருஷன் வெர்னுடையது.
பிணத்தைக் கிடத்த டிக்கியைத் திறந்தால்
கம்பளத்தில் ஒரு கறை.
தொடர்ச்சிக் குறிப்பேடும் என்னிடம்தான். புரட்டினேன்:
காட்சி பதினேழு வரை டிக்கியில் ரத்தம் கிடையாது.
தொட்டேன், பிசுக்கில்லை.
முகர்ந்தேன்,
பழைய சாவிக்கொத்து வாசனை.

நான் பார்த்ததை டுவேன் பார்த்தான்.
மணி ஐந்தேகால்.
"ஃபோகஸ் இருக்கா?" என்றான்.
இருந்தது.
ஆர்லோ அதன்மேல் படுத்துக்கொண்டான்.

ஏப்ரலில், நூலகத்தின் கீழ்த்தளத்தில் திரையிட்டோம்.
முப்பத்தொரு பேர்.
என் ரத்தம் வந்தபோதெல்லாம் சிரித்தார்கள்.
டிக்கி திறந்தபோது மட்டும்
ஏனோ ஒருவரும் சிரிக்கவில்லை.

மூன்றாம் வரிசையில் வெர்ன்
காலி பாப்கார்ன் பையை
இரண்டாக மடித்தான், நான்காக,
எட்டாக,
இனி மடியாது என்ற பிறகும்
மடித்துக்கொண்டிருந்தான்.