நாற்பத்தொன்றாம் உருப்படி

ஊத்துமலை பங்களாவை விற்கிறார்கள்.
கொழும்பிலிருந்து விலை மதிக்க வந்த ஜயவீர
கண்ணாடி அலுமாரியைத் திறக்கச் சொன்னார்.
சாவி என்னிடம். பட்டியல் புத்தகமும் என்னிடம்.
அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.
முப்பத்தொன்பது, பித்தளை மணி, நாக்கில்லை.
நாற்பது, டென்னிஸ் கோப்பை, ஒரு காது போனது.
நாற்பத்தொன்றுக்கு
அவர் கையுறை மாட்டிக்கொண்டார்.

நெருப்புக்கோழி முட்டை.
உச்சியை அறுத்து, உதடு படும் இடத்தில் வெள்ளி வளையம் கட்டி,
அடியில் இரண்டு விரல் பாதமாய் வெள்ளிக் கால் வைத்த
குடிக்கும் கோப்பை.

தியத்தலாவையில் போர்க்கைதிகளை அடைத்திருந்த காலம்,
தென்னாப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்த எவனோ
சட்டைக்குள் சுற்றிக் கொண்டுவந்திருக்கலாம்,
புகையிலைக்கு மாற்றியிருக்கலாம்,
கண்டியில் ஒரு தட்டான் வெள்ளி கட்டியிருக்கலாம்
என்றார்.
இருக்கலாம் எதையும் நான் எழுதவில்லை.
பட்டியலில் அதற்குக் கட்டமில்லை.

நெருப்புக்கோழி என்கிறோம்.
தணலை விழுங்குமாம், ஆணியை விழுங்குமாம்.
அப்புத்தளைக் காற்றில் இத்தனை வருஷம் கிடந்து
தொட்டால் பல் கூசுகிற குளிர்ச்சி இதற்கு.
பறக்கத் தெரியாது, ஓடத்தான் தெரியும் அந்தப் பறவைக்கு.
அது விட்டுப்போனதற்கும் ஓடு என்றே பெயர்.
சிரட்டையும் ஓடுதான்.
துரைமார் நாளில் இந்தப் பங்களாப் பின்வாசலில்
எங்களாட்களுக்குச் சாயம் ஊற்றியது சிரட்டையில்.
அதற்கு யாரும் வெள்ளி கட்டவில்லை.
குடித்து முடிந்ததும் அடுப்புக்குள் போய்விடும்,
நன்றாக எரியும்.

"அழகுக்கு வைத்தது. ஒருவரும் இதில் குடித்திருக்க மாட்டார்கள்"
என்றபடி ஜயவீர உள்ளே டோர்ச் அடித்தார்.
அடித்தவர் நின்றுவிட்டார்.
உட்புறம், சரியாகப் பாதி உயரத்தில்
பழுப்பாய் ஒரு வளையம்.
"இது என்ன?"

ஐப்பசி மழை.
மூன்றாம் நம்பர் லயத்துக்குப் பின்னால் மண் நகர்ந்த இரவு.
சத்தம் முதலில் நாய்களுக்குத்தான் கேட்டது.
பங்களா மண்டபத்தில் எண்பத்தேழு பேர், ஓர் ஆடு,
கம்பளம் முழுக்கச் சேற்றுக்கால்,
பியானோ மேல் ஈரச் சாக்கு.
மனேஜர் போன் எடுக்கவில்லை.
சமையல்கட்டில் இருந்தது இருபத்திரண்டு கோப்பை.
அண்டாவில் பிளேன்டி கொதிக்கக் கொதிக்க
கைகள் நீண்டுகொண்டே இருந்தன.
அலுமாரியைத் திறந்தேன்.
கேட்க வேண்டியவர் யாரும் அங்கே இல்லை.
பூச்சாடி, சவர்க்காரக் கிண்ணம், டென்னிஸ் கோப்பை
(காது போனது அன்றைக்குத்தான்),
கடைசியாக முட்டை.

"இதுக்குள்ள இருந்த குஞ்சு எங்க?"
தவசீலன் கேட்டான், ஐந்து வயது.
சட்டை பிழியப் போன யாரோ அவனையும் இழுத்துக்கொண்டு போனார்கள்.

மரியபுஷ்பம் பிள்ளை பெற்றுப் பன்னிரண்டு நாள்.
இஞ்சி தட்டிப் போட்டு அவளுக்கு அதில் ஊற்றினேன்.
கழுத்து நிற்காத பிள்ளையைத் தாங்குவதுபோல
இரண்டு கையாலும் வாங்கினாள்.
ஒரு மடக்குக் குடித்துவிட்டு
"வெளிய சுடவே இல்லக்கா" என்றாள்.
அவள் புருஷனுக்காக ஆட்களை அப்போதும் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.
வாசலிலிருந்து எண்ணினார்கள், பியானோவிலிருந்து எண்ணினார்கள்.
எண்பத்தேழுதான் வந்தது.
விடியும்வரை முட்டை அவள் மடியில்
பாதிச் சாயத்தோடு ஆறிக் கிடந்தது.
அதற்குப் பிறகு அவள் குடிக்கவில்லை.
கீழே வைக்கவுமில்லை.

ஜயவீர என்னையே பார்க்கிறார்.
"கறை இருந்தால் விலை பாதி.
உப்பும் தேசிக்காயும் போட்டுத் தேய்த்துப் பார்த்தீர்களா?"
தேய்த்தோம், போகவில்லை என்றேன்.
தேய்க்கவில்லை.

பழுது என்ற கட்டத்தில் எழுதினேன்,
உட்புறம், பாதி வரை, தேயிலைக் கறை.
அடுத்த கட்டம், காரணம்.
ஊன்றிய இடத்தில் பேனை ஒரு பொட்டாய் ஊறியது.
அதற்குள் அவர் நாற்பத்திரண்டைத் தூக்கிவிட்டார்.
சீனிக் கிண்ணம்.
மூடி இல்லை.