இருபத்திரண்டு சுற்று

இரவு ஒன்று ஐம்பதுக்கு
முகப்பில் சிவப்பாய் ஒரு பேட்டரிப் படம் எரிந்தது.
மற்றதெல்லாம் மங்கிக்கொண்டிருக்க
அது மட்டும் பளிச்சென்று.

"செந்தூரன், ஆல்டர்னேட்டர் போச்சு" என்றேன்.
ரேடியோவில் வெகுநேரம் காற்று.
ஆங்கிள்சி தீவில் காற்றுக்குக் குறைவில்லை.
பிறகு, "உதிரி இல்லை."

உதிரியாய்க் கொண்டுவந்தவை:
தண்ணீர் பம்பு இரண்டு, கிளட்ச் கேபிள்,
பெல்ட் மூன்று, இடப்பக்கக் கதவு ஒன்று,
ஒரு வாளி புளிச்சோறு.
பயந்தவை எதுவும் பழுதாகவில்லை.

ஸ்வான்சியில் பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் ஒருவரிடம்
நானூறு பவுண்டுக்கு வாங்கிய மைக்ரா.
அவர் காது சரியாய்த்தான் இருந்திருக்கும்,
ஆல்டர்னேட்டர் சாகும் முன் பாடாது.

எம்ரிஸ் பிட்சா அட்டையில் கணக்குப் போட்டார்.
ஒரு பேட்டரி, விளக்கோடு: இருபத்திரண்டு சுற்று.
வைப்பரும் போட்டால் பதினைந்து.
ஹீட்டர் கூடாது.
அட்டையின் மறுபக்கத்தில்
விடிய இன்னும் எத்தனை சுற்று என்று எழுதி
எங்களுக்குக் காட்டாமல் மடித்தார்.

டெலித் பேட்டரி கேட்டுப் புறப்பட்டாள்.
வாரத்தில் ஐந்து நாள் வரி அலுவலகத்தில்
பிறரிடம் வாங்கிப் பழகியவள்.
முதலில் எங்கள் வேன்.
செந்தூரனின் கார், அதற்குள்
நிதர்சனா தூங்கத் தூங்க.
கொடியசைக்கும் மார்ஷலின் வால்வோ.
எங்களை ஒன்பது சுற்று முந்தியிருந்த
லீட்ஸ்காரர்களின் டிரக்.
தேநீர் வண்டிக்காரம்மா, "கெட்டில் கேஸில்தானே ஓடுது" என்று
தானே கழற்றித் தந்தாராம்.
ஆம்புலன்ஸிடம் மட்டும் கேட்கவில்லை.

பத்தாம் நம்பர் ஸ்பேனர் காணாமல் போனது.
எப்போதும் அதுதான் போகும்.
கிடைத்ததும் ஷூ லேஸில் கோத்துக்
கழுத்தில் கட்டிக்கொண்டான் செந்தூரன்.
எழுந்து வந்த நிதர்சனா பார்த்துவிட்டு,
"மூன்று முடிச்சா?" என்றாள்.

மூன்று மணிக்கு மழை.
கடலை நோக்கி இறங்கும் வளைவில்
வைப்பரை ஒருமுறை போடுவேன்.
ஒருமுறைதான்,
உண்டியலில் கைவிடுகிறவள் போல.
முன்னால் போன ஹோண்டாவின் வெளிச்சத்தில்
ஒட்டிக்கொண்டு எட்டுச் சுற்று.
அவன் பிட்டுக்குள் திரும்பியதும்
இருட்டு முழுதும் என் பங்குக்கு வந்தது.

தார் எது, புல் எது,
இருக்கை அதிர்வதை வைத்துத் தெரிந்துகொண்டேன்.
பயமா என்று பிறகு கேட்டார்கள்.
எண்ணிக்கொண்டிருந்தேன்.
பத்தொன்பது, இருபது,
இருபதரை.

பேட்டரி மாற்ற முதலில் ஆறு நிமிடம்.
ஐந்தாவது தடவை இரண்டரை.
யாரும் யாரையும் திட்டவில்லை,
அதற்கு நேரமில்லை.
எம்ரிஸ் மட்டும் சிவப்பு வயரைத் தொடும்போதெல்லாம்
வெல்ஷில் ஏதோ சொன்னார்,
ஜெபம் என்று நினைத்திருந்தேன்.
டெலித் சொன்னாள், ஜெபம் இல்லை.

ஏழு மணிக்கு,
யாரும் ஸ்விட்ச் போடாமல்,
நீரிணைக்கு அப்பால் மலைகள் தெரிந்தன.
விளக்கை அணைத்தேன்.
ஒரு பேட்டரிக்கு இனி ஐம்பது சுற்று.
அவ்வளவு பணக்காரியாய் நான் இருந்ததே இல்லை.
வைப்பரைச் சும்மா ஆட விட்டேன்,
காய்ந்த கண்ணாடியில் கீச்சுக்கீச்சென்று,
இரண்டு தரம்.

நான்கு மணிக்குக் கட்டம் போட்ட கொடி.
முப்பத்தேழில் முப்பத்துநான்காவது.

ஐந்து மணிக்கு
கார் நிறுத்துமிடத்தில் எதுவும் கிளம்பவில்லை.
இரவெல்லாம் நாங்கள் குடித்து முடித்த வண்டிகள்
வரிசையாய் மூடியைத் திறந்து நின்றன.
ஓடியது ஆம்புலன்ஸ் ஒன்றுதான்.
அதன் பின்னால் கேபிளைத் தூக்கிக்கொண்டு
ஒவ்வொரு வண்டியாய்ப் போனோம்.
சிவப்பைச் சிவப்பில், கறுப்பைக் கறுப்பில்,
மன்னிப்புக் கேட்டபடி.
தேநீர் வண்டி முதலில் உறுமியது.
எங்களுக்குத் தேநீர் இலவசம் என்றார் அம்மா,
கொதிக்கத்தான் நேரமானது.

எது யாருடைய பேட்டரி என்று
கடைசியில் குழம்பிப்போனது.
மைக்ராவுக்குள் இருப்பது லீட்ஸ்காரர்களுடையது.
எங்களுடையதை வைத்துக்கொண்டு
மார்ஷலின் வால்வோ ஹோலிஹெட் போய்விட்டது.
அதில்
இன்னும் நான்கு சுற்று மிச்சம் இருந்தது.