சேதக் கணக்கு

வள்ளியூர் ஸ்டேஷனில் இறங்கியதும்
சார் முதலில் விலையைக் கேட்டார்.
சென்ட்டுக்கு இவ்வளவு என்றேன்.
பழைய பத்திரங்களில் சென்ட் கிடையாது,
கோட்டை விதைப்பாடு, மரக்கால் விதைப்பாடு.
இரண்டு பாஷையும் தெரிந்தவன் நான்.
விசிட்டிங் கார்டில் நில ஆலோசகர் என்று போட்டிருக்கிறேன்.
மந்திரமூர்த்தி, களக்காடு. கீழே இரண்டு நம்பர்.

வாடகைக் காரில் ஏசி. கண்ணாடிக்கு வெளியே
ஆடிக் காற்று பனைகளைப் பிடித்து உலுக்கியது.
தண்ணி?
பச்சையாறு இருக்கு சார்.
வருஷம் பூராவுமா?
கெணறு இருக்கு சார்.
நாலுவழிச் சாலை எவ்வளவு தூரம்?
எட்டு கிலோமீட்டர் என்றேன்.
பதினொன்று.
மூன்று கிலோமீட்டரெல்லாம் ஒரு பொய்யா.
பத்து வருஷத்தில் எத்தனை மடங்காகும் என்றார்.
எனக்குச் சோசியம் தெரியாது.
மூணு என்றேன்.

வயல் செத்துப்போன நாங்குநேரிக்காரர் பேரில்.
பையன்கள் மஸ்கட்டில்.
விக்கட்டுமா என்று கேட்டதற்கு
வாட்ஸாப்பில் ஒரு கட்டைவிரல் வந்தது.
பயிர் வைப்பது உலகம்மாள்.
குத்தகைக்கு எழுத்து இல்லை, வாய்ச்சொல்தான்.
பதிமூன்று வருஷத்து வாய்ச்சொல்.

நாங்கள் வரப்பேறும்போது
விழுந்து கிடந்த ஏத்தனுக்கு நடுவில் நின்றாள்.
முந்தின ராத்திரிக் காற்று.
இன்னும் இருபது நாள் நின்றிருந்தால்
அத்தனை தாரும் ஓணத்துக்குத் திருவனந்தபுரம் போயிருக்கும்.
சார் கையில் ஃபைல், தலையில் தொப்பி,
போனைத் தூக்கிக் கிணற்றைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்.
நேரே அவரிடம் வந்தாள்.

"இன்சூரன்ஸ் சாரா? இம்புட்டு வெரசா வருவியன்னு நெனைக்கல.
ஒண்ணையும் நகத்தல. கெடக்கது கெடக்கபடி கெடக்கு.
எடுத்துக்கிடுங்க போட்டோ."

சார் என்னைப் பார்த்தார்.
முறிந்த தண்டிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது,
நான் அதைப் பார்த்தேன்.

பத்து மரத்துக்கு ஒன்றாக
சிவப்புச் சேலைக் கிழிசல் கட்டி வைத்திருந்தாள்.
முன்னால் நடந்தாள், எண்ணிக்கொண்டே.
நாங்கள் பின்னால், ஷூவில் சேறு ஏற ஏற.
"நூத்தி இருபத்தாறு, நூத்தி இருபத்தேழு...
இது சாஞ்சதுதான், முட்டுக் குடுத்தா நின்னுக்கிடும்,
இத எழுதாதிய. நமக்குப் பொய்க்கணக்கு வேண்டாம்."
நூற்று முப்பத்தேழில் நிறுத்தினாள்.
"கம்பும் முறிஞ்சு போச்சு.
கம்மல அடகு வச்சு வாங்கின கம்பு.
கம்புக்கு உண்டுமா சார்?"

சார் பேனாவைத் திறந்தார்.
137 என்று எழுதினார், பார்த்தேன்.
அதன் கீழே
காற்று அபாயம், விலையைக் குறைத்துக் கேட்கலாம்
என்று எழுதி ஒரு கோடு போட்டார்.

திரும்பும் வழியில் கேட்கவும் செய்தார்.
சென்ட்டுக்கு ஆயிரத்து ஐநூறு.
குறைந்தால் என் இரண்டு பர்சென்ட்டும் குறையும்.
ஏர்வாடி வரைக்கும் எனக்கு
அந்த ஒரு கோபம்தான் இருந்தது.
டீக்கடையில் மஸ்கட்டுக்குப் பேசினேன்.
மறுபடியும் கட்டைவிரல்.

சாயங்காலம் உலகம்மாள் கூப்பிட்டாள்.
"மந்திரம், அந்த சாரு கையெழுத்து வாங்காமப் போய்ட்டாவ.
திரும்ப வருவாவளா?"
வருவாவ என்றேன்.
அது பொய்யில்லை.
வெள்ளிக்கிழமை அட்வான்ஸ்.

"அதுவரைக்கும் மரத்தத் தொடாமப் போட்டு வைக்கட்டா?
இல்ல, வெட்டிக் காய்க்கடைக்கு ஏத்திரட்டா?
இன்னைக்குன்னா கிலோவுக்கு ஆறு ரூவா தாரேங்கான்.
நாளைக்குக் கறுத்துரும்."

பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது.
யாரோ வண்டியோடு வந்து காத்திருக்கிறான் போல.

"ஹலோ... மந்திரம்... கேக்குதா?"

சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.