பார்த்ததும் புரியும்

கையேட்டின் முதல் பக்கத்தில் அச்சடித்திருந்தது:
பார்த்ததும் புரியும்.
நானும் அதையே சொன்னேன்,
தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில்
சகாய நட்சத்திரத்தின் வீல் ஹவுஸில் குனிந்து நின்று
பழைய திரையைக் கழற்றிப் போட்டுவிட்டு
புதியதற்கு நான்காவது ஸ்குருவை முறுக்கியபடி.

"எளுப்பமாக்கும் அண்ணே. சின்னப் பிள்ளையும் பாத்துக்கிடும்."

ததேயு முகத்துவாரம் தாண்டி
அரைமணி நேரம் மேற்கே ஓட்டினார்.
வட்டமடித்துத் திரும்பியதும்
இஞ்சினை அணைத்தார்.
"இது பொய் சொல்லுது."

பொய்யில்லை. கணக்கு மீட்டர்கூடப் பிசகவில்லை.
பழைய பெட்டியில்
படகின் மூக்கு எப்போதும் மேலே பார்த்திருக்கும்,
கடல்தான் அவரைச் சுற்றிச் சுழலும்.
இதில் வடக்கை மேலே ஆணியடித்து வைத்திருக்கிறார்கள்.
கடல் அசையாது.
படகு அதன்மேல் எறும்பாய் ஊர்ந்துபோகும்.

"பதினோரு வருசமா
கரை எனக்கு மேலேருந்தாக்கும் எறங்கி வரும்.
இப்போ வலப்பக்கத்துலேருந்து வருது.
அது எவனுக்க கரை?"

பள்ளிக்கூடத்து வரைபடத்தில்
வடக்கு மேலேதானே அண்ணே, என்றேன்.
"அதுல நான் மீன் பிடிக்கல்லியே" என்றார்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு
ரசீது எழுதிக் கொடுத்துக் கிளம்பினேன்.

புதுக்கடை சந்திப்பில் திரும்பும்போது
கட்டைவிரல் தன்பாட்டுக்கு இண்டிகேட்டரைத் தேடிப்போக
வண்டி அலறியது.
வாங்கி ஒன்பது நாளான ஸ்கூட்டர்.
இதில் ஹாரன் மேலே, இண்டிகேட்டர் கீழே என்று
ஷோரூம்காரர் சொன்னார், நான் தலையாட்டினேன்.
தலைக்குத் தெரியும்.
விரலிடம் யார் சொல்வது?
மரச்சீனி நிறுத்துக்கொண்டிருந்த பெண்
தராசைக் கீழே வைக்காமலே திட்டினார்.
பதிலுக்கு மன்னிப்புக் கேட்க நினைத்து
இன்னொரு தடவை ஹாரன் அடித்தேன்.

பார்த்ததும் என்றால்
எத்தனையாவது தடவை பார்த்ததும்?

எந்த ஊரிலோ
சுவரில் தொங்கும் வரைபடத்தைப் பார்த்தே வளர்ந்த
யாரோ ஒருவரின் பழக்கம்.
அதற்கு எளுப்பம் என்று பெயர் போட்டு
இத்தனை படகுகளில் மாட்டியிருக்கிறேன்.

மறுநாள் விடியுமுன் மறுபடி போனேன்.
டீசல் ஏறிக்கொண்டிருந்தது.
மெனுவுக்குள் மெனு, அதற்குள் ஒன்று,
'மற்றவை' என்பதன் அடியில் ஒளித்து வைத்திருந்தார்கள்.
இருபத்தைந்து நிமிடம், ஒரு சாயா.
மூக்கு மேலே.
திரையில் கடல் ஒருமுறை உதறிக்கொண்டு திரும்பிப் படுத்தது.

ததேயு ஒன்றும் சொல்லவில்லை.
சாப்பிடப் போனவர் பாதியில் வந்து
ஸ்டியரிங்கில் கைவைத்து நின்றார்,
கட்டிப்போட்ட படகில்.

கழற்றிய பழைய பெட்டியைச் சாக்கில் போட எடுத்தேன்.
கண்ணாடி முழுக்க
ஜோடி ஜோடியாய் இழுத்த தடங்கள்,
மீன் நெய்யில் பளபளத்தன.

போன நடையில் முதல்முறையாகக் கடலுக்கு வந்த சஜின்
இரண்டு விரலால்
விரித்து விரித்துப் பார்த்திருக்கிறான்.
பொத்தான் மட்டும் உள்ள பெட்டி அது.

"கேடான சாதனம்ணு நெனச்சேன்" என்றான்,
ஐஸ் உடைத்துக்கொண்டே.