இருபத்து மூன்று கிலோ

லிஸ்பனில் ஐந்து நாள்.
அதற்கு ஐந்து கிழமையாக ஆயத்தம்.

பீல் நகரத்து மூன்றாம் மாடியில்
எங்கள் சாப்பாட்டு மேசை
எல்லைச் சாவடியாகிவிட்டது.
சிவநேசன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
சிவப்புக் கடவுச்சீட்டின் கடைசித் தேதியை
விரல்விட்டு எண்ணுகிறார்.
இன்னும் ஆறு வருசம், நாலு மாதம்.
நேற்றும் அவ்வளவுதான் இருந்தது.

படப்பிரதி மூன்று.
ஒன்று அவருடைய சட்டைப்பையில், ஒன்று என் கைப்பையில்,
ஒன்று கீழ்வீட்டு ஏப்லி அம்மாவிடம்,
வீட்டுச் சாவியோடும்
மிளகாய்ச் செடிக்கு எத்தனை கோப்பைத் தண்ணீர் என்று
ஜெர்மனில் எழுதிய ஒன்றரைப் பக்கத்தோடும்.

காப்புறுதி அட்டையின் பின்பக்கம்தான்
வெளிநாட்டில் செல்லும் என்று
மருந்துக்கடைப் பெண் சொன்ன நாளிலிருந்து
அட்டையைக் கவிழ்த்தே வைத்திருக்கிறார்.
பிரஷர் குளிசை, ஐந்து நாளுக்குப் பன்னிரண்டு.
"பிளேன் பிந்தினால்?"
ஒரு கிழமையா பிந்தும் என்று
நான் கேட்கவில்லை.

தொண்ணூற்றொன்றில்
இரண்டு கிழமைப் பயணம் என்று ஏற்றிய ஏஜென்சிக்காரன்
ஏழு மாதம் கழித்துத்தான்
அவரை இந்த நாட்டில் இறக்கினான்.
அப்போது அவர் பெயர்
றெஜினோல்ட் அந்தோனிப்பிள்ளை.
பிறந்தது பங்குனியில்.
உயரம் இரண்டு அங்குலம் கூட,
ஆனபடியால் நெஞ்சை நிமிர்த்தி நட என்றார்களாம்.
ஒரு பையும் கொடுத்தார்கள்.
திறக்காதே.
கேட்டால் உன்னுடையது என்று சொல்.

எந்த ஊர் விமான நிலையம் என்று
இன்றைக்கும் அவருக்குத் தெரியாது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
நீலச் சட்டை போட்டவன் கேட்டது மட்டும் தெரியும்:
இந்தப் பையை நீதான் கட்டினாயா?

ஓம் என்றாராம்.
அவர் சொல்லி எனக்குத் தெரிந்த
ஒரேயொரு பொய்.

"பிறகும் திறந்து பாக்கேல்லையோ?"
"இறங்கின இடத்தில வாங்கிப்போட்டாங்கள்."
உள்ளே வெறும் துணிதான் என்பது
மகள் ஆரணியின் கட்சி.
நான் எந்தக் கட்சியிலும் இல்லை.

அவள்தான் நேற்றிரவு போனில் சொன்னாள்:
"பயப்பிடாதேங்கோ அப்பா,
ஒண்டும் கேக்கமாட்டாங்கள்.
பை ஆர் கட்டினது எண்டு மட்டும் சிலவேளை."

பதினொரு மணிக்கு
நான் கட்டி முடித்த பையைத்
தரையில் கவிழ்த்தார்.
"என்னப்பா இது?"
"நீயெல்லோ கட்டினனி" என்றார்,
ஒரு குற்றத்தைக் கண்டுபிடித்தவர் போல.

பிறகு எல்லாவற்றையும் தானே வைத்தார்.
என் பருத்திச் சேலையை நாலாய் மடிக்கத் தெரியாமல் சுருட்டி.
விலைத்துண்டு ஒட்டியிருந்த நீச்சல் காற்சட்டையை,
மிக்சர் பக்கெட்டை,
மூன்று கால் பிளக்குக்கு வாங்கிய அடாப்டரை,
ஒவ்வொன்றையும் விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்து.
என் உள்பாவாடையைக்கூட.
எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை.

குளியலறைத் தராசில்
பையைக் கட்டிப்பிடித்தபடி ஏறினார்.
இறக்கிவிட்டுத் தனியே ஏறினார்.
தன்னைக் கழித்தார்.
பதினொன்றரைக் கிலோ.
இருபத்து மூன்று வரைக்கும் விடுவார்கள்.
மிச்சத்துக்கு வைக்க
எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை.

சூரிச்சில்
முகப்பில் ஆளே இல்லை.
ஓர் இயந்திரம்
ஒரு துண்டை நீட்டியது.
ஒட்டினோம்.
பட்டி நகர்ந்தது, பை போய்விட்டது.

அவர் அப்படியே நின்றார்.
பின்னால் வந்த குடும்பம்
பொறுமையாகச் செருமியது.
நான் முழங்கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன்.

மேலே,
மேகத்துக்கும் மேலே,
வண்டிலைத் தள்ளிவந்த பெண்
குனிந்து கேட்டாள்,
தேநீரா கோப்பியா.

சிவநேசன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.
கடவுச்சீட்டு இருந்த சட்டைப்பையில் கை வைத்து,
தன் நல்ல ஜெர்மனில்,
ஒவ்வொரு சொல்லாக:
"ஓம். நானேதான் கட்டினேன்."

அவள் என்னைப் பார்த்தாள்.
"கோப்பி" என்றேன்,
"சீனி இல்லாமல்."