யாரும் திறக்காத குழாய்

இரவு மூன்று மணிக்குப்
பம்பு ஒருமுறை இருமியது.
குழாயை யாரும் திறக்கவில்லை.
துக்துவால் பக்கத்தில் குறட்டையில் இருந்தான்.
இருபது நிமிடம் கழித்து
மறுபடி ஓர் இருமல்.

அடிப்பலகையைத் தூக்கி
தேங்கிய நீரில் விரலை நனைத்து
நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
டீசல், பழைய சோப்பு,
எதுவென்று தெரியாத ஒரு கசப்பு.
உப்பு மட்டும் இல்லை.
நல்லவேளை,
கடல் உள்ளே வரவில்லை.
நாங்கள்தான் சொட்டுச் சொட்டாக
வெளியே போய்க்கொண்டிருந்தோம்.

காலையில் பெம்போல் துறைமுகத்தின்
மதகு மூடிக் கிடந்தது.
கடல் ஏறி அது திறக்க இன்னும் ஆறு மணி நேரம்.
"அதற்குள் முடித்துவிடலாம், அசெனோர்" என்றான்.
ஐம்பது வயதுப் படகின் காதில் விழும்படி
இப்படியெல்லாம் பேசக் கூடாது.

இதைக் கட்டியவர்கள்
முதலில் குழாயை அந்தரத்தில் தொங்கவிட்டு
அதைச் சுற்றித்தான் படகை எழுப்பியிருக்க வேண்டும்.
இழுப்பறையை உருவிவிட்டு
அந்தப் பொந்தில் தோள்வரை நுழைத்து
என்ஜினைத் தாண்டி
தொட்டியின் முதுகுப்புறம் கையை மடக்கினால்
நடுவிரல் நுனிக்கு மட்டும்
கொஞ்சம் ஈரம் தட்டுப்படும்.
துக்துவாலுடையது சிப்பிக் கூடை தூக்கும் கை,
முழங்கையோடு நின்றுவிட்டது.
என்னுடையது போனது.

கைபேசியை உள்ளே விட்டு
குருட்டாம்போக்கில் பதினான்கு படம் எடுத்தேன்.
பதினொன்றில் என் கட்டைவிரல்.
இரண்டில் இருட்டு.
ஒன்றில் கிளாம்ப்.
அதன் ஸ்க்ரூ
சாப்பிட மாட்டேனென்ற பிள்ளையைப் போல
சுவர்ப்பக்கம் முகம் திருப்பிக்கொண்டிருந்தது.

"இடது பக்கம் திருப்பு."
"யாருக்கு இடது?"
பதினேழு வருடமாக
எங்களிடம் இதற்கு விடை இல்லை.

திருப்புளி நழுவியது.
டிங்.
டக்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
ளுக்.

நூலில் காந்தம் கட்டி இறக்கினான்.
ஒரு சார்டீன் டப்பா மூடி வந்தது,
துருப்பிடித்த நட்டு ஒன்று வந்தது,
யாருடையதோ பித்தான் கூட வந்தது.
திருப்புளி வரவில்லை.
என் கையும் வரவில்லை.

பாத்திரம் கழுவும் சோப்பை
என் தோளில் ஊற்றினான்.
அது வழிந்து முழங்கைக்குப் போய்ச் சேரும்வரை
எலுமிச்சை மணக்கக் காத்திருந்தேன்.
வேலையில்லாத விரல்கள் சும்மா இருக்குமா,
பக்கவாட்டில் துழாவின.

ஒரு குழாய்.
காய்ந்தது, வாயில் மரக்கட்டை அடித்தது.
அதன்மேல் இன்னொன்று,
மடித்துக் கம்பி சுற்றியது.
அதற்கும் அப்பால் சொரசொரவென்று செம்பு,
பாதியில் அறுத்தது.
எனக்கு முன்னால் மூன்று பேர்
இதே பொந்தில் கைவிட்டு
இதே மூலையில் கெட்ட வார்த்தை சொல்லி
கைகழுவிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நானும் கழுவினேன்.
சோப்பு ஏற்கெனவே இருந்தது.

நான்காவதாக எங்களுடையதையும்
அங்கேயே விட்டோம்.
தொட்டி வாயில் வெட்டி அடைத்துவிட்டு
புது வெள்ளை ஹோஸ் ஒன்றை
ஊரறிய,
மேசைக்கு அடியில், அலமாரி விளிம்பில்,
என் தலையணைக்கு ஒரு சாண் மேலே
இழுத்துக்கொண்டு போனேன்.

"ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது."
"இருக்கட்டும்.
இனி ஒழுகினால் கன்னத்தில் சொட்டும்,
தேட வேண்டாம்."
பதில் பேசாமல்
கிளாம்புகளை ஒருமுறை முறுக்கிவைத்தான்,
நான் முறுக்கியதையே.

இதற்குள் மதகு திறந்து
மறுபடி மூடியும் விட்டது.
நாங்கள் போகவில்லை.
பக்கத்துப் படகுக்காரர் கையசைத்தபடி போனார்.
பதிலுக்கு அசைக்க
எனக்கு இடது கைதான் எழும்பியது.

இரவு
கண்ணை மூடிக் காதைத் திறந்து கிடந்தேன்.
பாய்மரத்தில் கயிறு தட்டும் சத்தம்.
எங்கோ ஒரு கடற்காகம்.
மூன்று மணி.
மூன்று பத்து.

இருமல்.

விருட்டென்று எழுந்து
அந்த வெள்ளைக் குழாயிலேயே நெற்றியை இடித்துக்கொண்டேன்.
விளக்கைப் போட்டால்
சமையல் மூலையில்
அரைக் குவளைத் தண்ணீரோடு
திருடனைப் போல் துக்துவால்.

"தாகம்" என்றான்.